மச்சான் நெஞ்சில் கட்டிய கரண்டிகள்

மச்சான்,

இன்று மதியம் சூலூர் வீட்டில் உங்கள் ஆசிலாஸ்கோப்பைத் துடைத்து ஸ்விட்சைப் போட்டேன். அக்கா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறாள். "அந்தப் பொட்டிய நீயே கொண்டுபோயிரு சாமி" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உள்ளே சூடேறியதும் வெந்த தூசி வாசம் வந்தது. நீங்கள் போய் நாலு வருடம் ஆகிறது.

தொண்ணூற்று மூன்றில், மூடிய மில் ஒன்றின் ஏலத்தில் அதை எடுத்து வந்தீர்கள். மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைப் பச்சைக் கோடாகக் காட்டும் பெட்டி. பம்பு கம்பெனி டெஸ்டிங்கில் வேலை பார்க்கும் எனக்கே அதை வீட்டில் வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. "இதுல படம் தெரியுமாங்க?" என்றாள் அக்கா. "படந்தான் வராது அம்மணி, மத்ததெல்லாம் வரும்" என்றீர்கள். அந்த மற்றதைத் தேடுவதே நம் ஞாயிற்றுக்கிழமைகளின் பிழைப்பாயிற்று. மைக்கில் விசில் அடித்தால் கோடு நெளியும். டேப் ரெக்கார்டரின் இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் கொடுத்தால் பாட்டுக்குப் பாட்டு வேறு கோலம் விழும். டிவி ரிமோட்டின் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்கூடச் சின்ன டயோடு ஒன்றின் வழியாகத் துள்ளியது. நாலு தறிக்கு முதலாளியான நீங்கள் சின்னப் பிள்ளைபோல் கைதட்டிச் சிரித்தீர்கள்.

நெஞ்சுத் துடிப்பைப் பார்க்கலாம் என்றது நான்தான். துடிப்பைப் பெரிதாக்கிக் காட்ட, பேட்டரியில் ஓடும் சர்க்யூட் ஒன்றைச் செய்தேன். அக்காவின் எவர்சில்வர் கரண்டிகள் இரண்டை, உப்புத்தண்ணீரில் நனைத்த துணி வைத்து உங்கள் நெஞ்சில் கட்டினேன். நாலைந்து துடிப்பு ஒழுங்காக வரும். பிறகு ஒன்று அவசரப்பட்டுக் கோணலாக எழும். அதன்பின் கொஞ்சம் வெறுங்கோடு.

"ஏனுங் மாப்ள, இதென்ன நொண்டுது?" என்றீர்கள்.

"பக்கத்துத் தறிக்குடோன் மோட்டார் கரண்ட இழுக்குதுங்க மச்சான், அதான் கோடு ஆடுது" என்றேன்.

பம்பு டெஸ்டிங்கில் கோடு கோணினால் முதலில் ஒயரைத்தான் சந்தேகப்படுவோம். அந்தப் புத்தி. ஒயரை மாற்றினேன், கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்தேன், கரண்டிகளை என் நெஞ்சில் கட்டிப் பார்த்தேன். கோடு அச்சடித்ததுபோல் வந்தது. "சரியாப்போச்சுங்க!" என்று கத்தினேன்.

அதே கரண்டி, அதே மோட்டார் சத்தம். ஆள் மாறியிருந்தது என் மண்டையில் உறைக்கவேயில்லை. மறுபடி உங்கள் நெஞ்சில் கட்டிப் பார்க்கவும் இல்லை. அதிலிருந்து ஐந்தாவது மாதம் தறிக்குடோனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தீர்கள். காரியம் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போதுதான், நொண்டியது ஒயரல்ல, உங்கள் நெஞ்சு என்று எனக்கு உறைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு விளையாட்டுச் சாமானை நம்பி எந்த மனுஷனாவது டாக்டரிடம் போகாமல் இருப்பானா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இத்தனை நாள் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

இன்று அக்கா காப்பியை வைத்துவிட்டு, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நெஞ்சு படபடங்குதுன்னு ரெண்டு தடவ சொன்னாரு கண்ணு. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்கன்னேன். 'மாப்ள மிசின்லயே பாத்துப்போட்டாரு, ஒண்ணுமில்ல'ன்னுட்டாரு. உம்மேல அத்தன நம்பிக்கை."

பெருமையாகத்தான் சொன்னாள்.

காப்பியைக் குடித்தேனா என்றுகூட நினைவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் என்னைத் திட்டிவிட்டுப் போயிருந்தால்கூட ஆறியிருக்கும். நம்பிவிட்டுப் போனீர்களே, அந்தச் சுமையைத்தான் இறக்க இடமில்லை.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சூலூர் போகிறேன். கோடு நொண்டியதையும், அது சரியாகிவிட்டது என்று நான் சொன்னதையும் அக்காவிடம் சொல்லப்போகிறேன். அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிக்காவிட்டால், எனக்கு வேண்டியதுதான்.