தசரா யானைக் குறட்டை

ஜூன் 3, செவ்வாய்

மைசூர் மண்டி மொஹல்லாவின் கயிறு, தார்ப்பாய் வியாபாரச் சக்கரவர்த்தியாகிய நான் இன்று யோகா வகுப்புக்கு எழுந்தருளினேன். உமா அக்காவின் உத்தரவு. அவள் மகள் சுசித்ராவுக்குத் தனியாகப் போகக் கூச்சமாம்; துணைக்கு மாமா. போன் மணி அடித்தாலே அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கிறது. பார்ப்பதோ நாள் முழுக்கப் போன் எடுக்கும் வேலை. இதயத்தில் கோளாறு இல்லை, மூச்சுப் பயிற்சி செய்து பார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மாஸ்டர் மஞ்சுநாத் காலை மடக்கச் சொன்னார். என் முழங்கால் போட்ட சத்தத்தில் சாமுண்டி மலை நந்தி திரும்பிப் பார்த்திருக்கும்.

ஜூன் 9, திங்கள்

இன்று சபையைக் கலக்கினேன். கடைசியில் எல்லோரும் மல்லாந்து கண்மூடிக் கிடக்கும் சவாசனம். "நிதானவாகி, நிதானவாகி" என்று மாஸ்டர் கன்னடத்தில் தாலாட்டுகிறார். அப்படியொரு அமைதி. அமைதிக்கும் எனக்கும் ஏழு ஜென்மப் பகை. விட்டேன் ஒரு பொய்க் குறட்டை, தசரா யானை பிளிறியதுபோல. அறை குலுங்கிச் சிரித்தது. மாஸ்டரும் சிரித்தார்.

சுசித்ரா சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கூட்டர் நிற்குமுன்பே வீட்டு வாசலில் குதித்து இறங்கினாள்.

அதே நாள், மாலை

அக்கா போன் செய்தாள். "இத்தனை மாசத்துல இன்னிக்குதான்டா அவளுக்கு நெஞ்சு அடங்கி வந்துச்சாம். அப்பப் பாத்துதானா உன் கூத்து?" தூக்கிவாரிப் போட்டு எழுந்தவளுக்கு, எல்லோரும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றியிருக்கிறது.



ஜூன் 10, செவ்வாய்

வகுப்புக்கு அவள் போகவில்லை. நானும் போகவில்லை.

ஜூன் 12, வியாழன்

அரைக் கிலோ மைசூர் பாக்கோடு போனேன். வாசலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "மகாராணி, இந்தக் குற்றவாளியை யானைக் காலில் இடறச் செய்யுங்கள்" என்றேன். மன்னிப்பைக்கூட நாடகமாகத்தானே கேட்க வருகிறது எனக்கு?

"மாமா, சும்னிரி, சும்மா இருங்க. எழுந்திரிங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். "படபடன்னு வர்றப்பல்லாம் அந்தச் சிரிப்புதான் மாமா கேக்குது."

மாதக் கடைசியில் வேலையை விட்டுவிடப் போகிறாளாம். மைசூர் பாக் பெட்டியை அக்கா பிரிக்கவே இல்லை.

ஜூன் 14, சனி

தனியாக வகுப்புக்குப் போனேன். அவள் இழந்ததை நானாவது கற்றுவந்து கொடுக்கலாமே என்ற பெருந்திட்டம். மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னேன். தானும் சிரித்தது தப்புதான் என்றார். மூச்சை மெல்ல இழு, இழுத்ததைவிட மெதுவாக விடு — அவ்வளவுதான் பாடம். நாலு மூச்சு தாங்கவில்லை. உள்ளே மண்டி மார்க்கெட் மொத்தமும் கூவுகிறது. சத்தம் போடாமல் இருந்தால் எனக்குள் என்ன கேட்டுவிடும் என்று இத்தனை வருஷம் பயந்தேனோ?

ஜூன் 21, சனி

உலக யோகா நாள். ஊரே பாயைச் சுருட்டிக்கொண்டு அரண்மனைப் பக்கம் போகிறது. அக்கா வீட்டுக் கதவு மூடியே இருந்தது.

ஜூன் 24, செவ்வாய்

சுசித்ராவை ஆபீசில் இறக்கிவிடச் சொல்லி அக்கா கூப்பிட்டாள். பாதி வழியில் அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்தாள். நாக்கு நுனிக்கு ஒரு நகைச்சுவை வந்தது. முள்ளை விழுங்குவதுபோல விழுங்கினேன். இளநீர் வண்டி பக்கத்தில் ஓரம் கட்டினேன். கற்றபடி மூச்சை இழுத்தேன், மெதுவாக விட்டேன். திரும்பத் திரும்ப. கொஞ்ச நேரம் கழித்து, பின்னால் இன்னொரு மூச்சும் என்னோடு சேர்ந்து வந்தது.

"இன்னும் கிளாசுக்குப் போறீங்களா மாமா?"

"போறேன்."

"எதுக்கு?"

பன்னிரண்டு காண்டத்துக்குப் பதில் இருந்தது. "தெரியலம்மா" என்றேன்.

ஆபீஸ் வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

ஜூன் 27, வெள்ளி

வந்தாள். மத்தியானம்தான் ஆபீசாம். கதவோரமாகப் பாய் விரித்தாள், நான் பக்கத்தில்.

சவாசனத்தில் ஒரு குறட்டை கேட்டது. என் கலையைத் திருடியவன் எவன் என்று கண்ணைத் திறந்தேன். சுசித்ரா! நிஜக் குறட்டை, விசில் வருமுன் குக்கர் முனகுவதுபோலச் சின்னதாக. சரியாகத் தூங்கி மாதக்கணக்காகிறது என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. முன்வரிசையில் யாரோ கிளுக்கென்றார்கள். நான் தலையைத் தூக்கி, உதட்டில் விரல் வைத்து முறைத்தேன். நான்!

எல்லோரையும் எழுப்ப மாஸ்டர் மணியை எடுத்தார். கைகூப்பினேன். அவர் மணியைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினார். நான் அவள் எழும்வரை அசையாமல் கிடந்தேன். இன்று கடை திறக்கவே பதினோரு மணி.

ஸ்கூட்டரில் ஏறும்போது கேட்டாள்: "மாமா, நான் குறட்டை விட்டேனா?"

"இல்லையே" என்றேன்.

என் ஆயுளில் நான் சொன்ன பொய்களிலேயே மிகச் சின்னது இதுதான்.