இரண்டு சுவர்களிலும் வெற்றி

ஏழு கடல் தாண்டிப் போயும் என் காதுக்குள்ளேயே குடியிருக்கிற அன்பு மகளுக்கு, உன்னையும் உன் அண்ணனையும் வளர்த்து, கல்யாணமே செய்துகொள்ளாமல் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான உலகப் புகழ் சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் அண்ணியும் அவர்கள் பெற்ற குட்டி வக்கீலும் குத்துக்கல் மாதிரி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், வெளியே வருவதற்கு முன்பே உன்னை உதைத்து அதிகாரம் பண்ணுகிற அந்தப் புதுப் பெரிய மனுஷரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? போனில் கேட்டால் "நல்லா இருக்கேன் சித்தப்பா" என்று கல்வெட்டு வாசிக்கிற மாதிரி ஒரே வரியைச் சொல்லுகிறாய், அதனால்தான் இதைக் கடிதமாக எழுதுகிறேன், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் மாடிப்படி ஏறும்போது அது போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் வெடி என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது, இன்னும் வெளியே வரவில்லை என்று கேள்வி. அண்ணி இதை நம்பவில்லை. அவளுக்கு இந்த வீட்டில் யார் சொல்வதிலுமே நம்பிக்கையில்லை.

பட்டறை நன்றாக ஓடுகிறது. வெயில் ஏறியதிலிருந்து ஊரிலுள்ள அத்தனை ஃப்ரிஜ்ஜும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் மூச்சை விட்டுவிட்டன. வாசலிலிருந்து அண்ணன் வேலை செய்கிற பின்பக்கம் வரை கம்ப்ரசரும் கதவு ரப்பரும் வாஷிங் மெஷின் டிரம்முமாகக் கிடக்கிறது, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கத்தான் இடம். நான் வழக்கம்போல முன் மேசையில் உட்கார்ந்து போனை எடுத்து, ஐஸ் கட்டி விழவில்லை என்று அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லும் மகத்தான பொறுப்பை வகிக்கிறேன். உன் அண்ணன் வாயைத் திறப்பது கேஸ் நிரப்பும்போது "தள்ளுங்க" என்று சொல்ல மட்டும்தான். இந்தச் சாம்ராஜ்யத்துக்குள்தான் போன மாதம் எகிப்து வந்து புகுந்தது.

குட்டி வக்கீலின் வகுப்பில் ஆளுக்கொரு பழைய எகிப்து ராஜாவைக் கொடுத்து, படித்துப் படம் ஒட்டிக் கண்காட்சி வைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் இவளுக்கு விழுந்தது இரண்டாம் ராமேசஸ். நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள், அதை எனக்கு வாசித்துக் காட்டினாள். அந்த ஆள் காதேஷ் என்ற இடத்தில் ஹிட்டைட் என்கிற எதிரி தேசத்து ராஜாவோடு சண்டைக்குப் போனானாம், கூட வந்த படையெல்லாம் ஓடிப்போய்விட்டதாம், இவன் ஒற்றை ஆளாகத் தேரில் நின்று ஆயிரக்கணக்கான எதிரித் தேர்களைத் துவைத்து ஆற்றில் எறிந்தானாம், திரும்பி வந்து அதைக் கோயில் கோயிலாகச் சுவரில் செதுக்கி வைத்துவிட்டானாம். எனக்கு அவனை உடனே பிடித்துப்போய்விட்டது. மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால் பிறந்துவிட்டானே தவிர அவன் நம்ம வீட்டுப் பிள்ளைதான், என்னை மாதிரியே பேசுகிறான் என்றேன். ஆனால் இந்தப் பெண்ணுக்கு ஒரு புத்தகம் போதாது. இன்னொன்று கொண்டுவந்தாள். அதில் அந்தச் சண்டையில் யாருமே ஜெயிக்கவில்லை, ராமேசஸ் ஊரைப் பிடிக்காமலே வீடு திரும்பிவிட்டான், அங்கே எதிரி ராஜாவும் தானே ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டான் என்று போட்டிருக்கிறது. சிவப்புப் பென்சிலை எடுத்தாள், தன் நோட்டில் ராஜா சொன்னதில் புளுகு எங்கேயெல்லாம் இருக்கிறதோ அங்கேயெல்லாம் கோடு போட்டாள். பிறகு பட்டறைக்கு வந்து என் மேசை முன்னால் நின்று கேட்டாள், "சின்னத் தாத்தா, ரெண்டு பேரும் ஜெயிச்சா யாரு தோத்தது?" குதிரைகள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. பின்பக்கம் உன் அண்ணன் வாஷிங் மெஷினைக் கவிழ்த்துப்போட்டு நட்டு முடுக்கிக்கொண்டிருந்த சத்தம் மட்டும் நின்றுபோனது.

ஏன் நின்றது என்று உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் கிளம்பிய அன்றைக்கு நடந்ததை நான் இரண்டு பதிப்பாகக் கேட்டிருக்கிறேன். உன் பதிப்பில், வண்டி வாசலில் நிற்கிறது, அண்ணன் ஐஸ்க்ரீம் கடைக்காரரின் ஃப்ரீசரே பெரிது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டான், வழியனுப்ப வரவேயில்லை. அவன் பதிப்பில், கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தான், தெருமுனையில் வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தான், நீ கொஞ்ச நேரம் காத்திருக்கவில்லை. அன்று ராத்திரி போனில் நீ அவனை ஃப்ரிஜ்ஜோடு குடித்தனம் நடத்தச் சொன்னாய், அவன் போனவள் போனவளாகவே இருக்கட்டும் என்றான், யார் முதலில் சொன்னது என்பதிலும் இரண்டு பதிப்பு. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக இரண்டு பேரும் அவரவர் சுவரில் வெற்றியைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அவள்தான் முதலில் பேசணும் என்கிறான் அவன். அவனே கூப்பிடட்டும் என்கிறாய் நீ. நடுவில் நான் ஒருவன், இரண்டு நாட்டுக்கும் தூதனாகி, போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றி மாற்றி என் இரண்டு காதும் தேய்ந்து அப்பளமாகிவிட்டது.

கதைக்கு வருகிறேன். வக்கீல் மேலே மேலே படித்தாள். அந்தச் சண்டை முடிந்து வெகுகாலம் கழித்து, எதிரி ராஜா போய் அவன் தம்பி பட்டத்துக்கு வந்த பிறகு, இரண்டு தேசமும் சமாதான உடன்படிக்கை செய்துகொண்டன. அது இரண்டு பக்கமும் இன்றைக்கும் இருக்கிறதாம், எகிப்தில் கோயில் சுவரில், அங்கே களிமண் பலகையில். உள்ளே உள்ள நிபந்தனையெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு விஷயம்தான் வேறே. எகிப்துக்காரன் சுவரில், ஹிட்டைட்காரன்தான் சமாதானம் கேட்டு வந்தான் என்று இருக்கிறது. ஹிட்டைட்காரன் பலகையில், எகிப்துக்காரன்தான் வந்து கேட்டான் என்று இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு உச்சந்தலையில் மணியடித்தது. இத்தனை பெரிய ராஜாக்களே கௌரவத்தை விடாமல் சண்டையை மட்டும் விட்டிருக்கிறார்கள் என்றால், ஒரு ஃப்ரிஜ் மெக்கானிக்குக்கும் அவன் தங்கச்சிக்கும் அது முடியாதா?

இவள் பிரமிடு செய்யமாட்டேன், இரண்டு சுவர்தான் செய்வேன் என்றுவிட்டாள். பெரிய ஃப்ரிஜ் வந்த அட்டைப்பெட்டியை அண்ணனே பிளேடால் அறுத்து நிறுத்திக் கொடுத்தான். அந்தப் பெட்டி எவ்வளவு பெரிது தெரியுமா, அதற்குள் ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்து பிள்ளைகளைப் படிக்கவைத்துக் கரையேற்றலாம். ஒரு சுவரில் எகிப்து சொன்னது, மறு சுவரில் ஹிட்டைட் சொன்னது, நடுவில் சமாதானத்துக்குப் பிறகு இரண்டு அரண்மனைக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. அண்ணன் பசை தடவிக்கொண்டே ஒவ்வொன்றாக வாசித்தான். அதில் ஒன்று இது. ஹிட்டைட் ராஜா தன் பழைய எதிரிக்கு எழுதுகிறான், என் சகோதரிக்குக் குழந்தை பிறக்க வேண்டும், உன் தேசத்து வைத்தியரை அனுப்பு என்று. ராமேசஸ் பதில் போடுகிறான், உன் சகோதரிக்கு ஐம்பது அறுபது வயசு என்று எனக்குத் தெரியும், அதற்கு மருந்தில்லை, ஆனாலும் வைத்தியரை அனுப்புகிறேன். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். உன் அண்ணன் சிரிக்கவில்லை. அந்தத் தாளைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான், விரலில் பசை காய்ந்தது. பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டான், "ஆஸ்பத்திரியில அவகூட யாரு சித்தப்பா இருப்பா? மாப்பிள்ளைக்கு நைட் டூட்டியாச்சே."

மாப்பிள்ளைக்கு நைட் டூட்டி என்று நான் அவனிடம் சொன்னதேயில்லை, உன்னோடு போனில் பேசும்போது சொன்னதுதான். பின்பக்கத்தில் அத்தனை இரைச்சலுக்குள் உட்கார்ந்து அவன் இரண்டு வருஷமாக எதைக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. நீயும் லேசுப்பட்டவள் இல்லை. போனை வைக்கும் முன்பு ஒவ்வொரு தடவையும் "பட்டறை எப்படி ஓடுது" என்று கேட்பாயே, நீ விசாரிப்பது கம்ப்ரசரை இல்லை என்று எனக்குத் தெரியாதா.

கண்காட்சியன்று பள்ளிக்கூட ஹாலில் தங்கக் காகிதம் ஒட்டிய பிரமிடுகள் வரிசையாக மினுக்கிக்கொண்டு நின்றன, நடுவில் நம்முடைய பழுப்பு அட்டைச் சுவர்கள். ஒரு சுவரின் கால் மடங்கிவிட்டதால் அண்ணன் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே நின்றான், முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு செருப்புதான் தெரியும். தலைமை ஆசிரியை வந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் வாசித்தார், கடைசியில் உண்மையில் யார்தான் முதலில் சமாதானம் கேட்டது என்று கேட்டார். குட்டி வக்கீல் இரண்டு சுவரையும் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள், "தெரியலை மிஸ். அது தெரியாமலேயே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க." சுவர் லேசாக ஆடியது. காற்று என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்த ஹாலில் ஃபேன்கூட ஓடவில்லை. பரிசு தங்கப் பிரமிடுக்குத்தான் போனது, அதை விடு. சுவர் இரண்டும் இப்போது பட்டறையில், அவன் உட்காருகிற முக்காலிக்கு நேர் எதிரே சாத்தியிருக்கிறது. குப்பைக்காரர் கேட்டதற்குக் கொடுக்கமாட்டேன் என்றுவிட்டான்.

ஆகவே மகளே, உடன்படிக்கையின் ஷரத்துக்களைக் கவனமாகக் கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. காலையில் நீ எழுந்து பல் தேய்த்திருப்பாய் என்கிற நேரமாகப் பார்த்து நான் என் போனிலிருந்து உன்னைக் கூப்பிடுவேன். நீ எடுத்ததும் அதை அவன் கையில் திணித்துவிட்டு, முட்டிவலியையும் மறந்து வெளியே ஓடிவிடுவேன். நீ பேச விரும்பினதாக அவனிடம் சொல்லியாகிவிட்டது. அவன் பேச விரும்புவதாக உன்னிடம் இதோ சொல்லிவிட்டேன். நீ உன் சுவரில் அவனே கூப்பிட்டான் என்று செதுக்கிக்கொள், அவன் தன் சுவரில் நீயே கேட்டு வந்தாய் என்று செதுக்கிக்கொள்ளட்டும், எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆஸ்பத்திரிக்கு யார் வருவது என்பதை மட்டும் இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கள். அண்ணி தன் பாஸ்போர்ட்டையும் அவன் பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். யார் தேடச் சொன்னது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காமல் போடு, மறந்துபோனதை மாப்பிள்ளையிடம் மறைக்காதே, காலை உயரத்தில் தூக்கி வைத்துத் தூங்கு. நீயும் பிள்ளையும் ஒரு குறையுமில்லாமல் வேறே வேறே ஆளாகி, இரண்டு பேரும் என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்பாக இருக்க வேண்டும் என்று என் தலைமேல் கை வைத்து வாழ்த்துகிறேன், உன் தலை எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கம்ப்ரசர்களின் காவலன், இரு நாட்டுத் தூதன், தேய்ந்த காதுகளின் ஏகபோக உரிமையாளன்,
உன் சித்தப்பா

பின்குறிப்பு: உறையில் போடும் முன்பு இதைக் குட்டி வக்கீல் பிடுங்கிக்கொண்டு போய்ச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள். நாய், அட்டைப்பெட்டிக் குடித்தனம், அப்பளக் காது, உலகப் புகழ் எல்லாவற்றுக்கும் கோடு விழுந்திருக்கிறது, கடிதமே அம்மை கண்ட மாதிரி ஆகிவிட்டது, நீயே பார்க்கிறாய். அவள் அப்பா பசைக் கையோடு கேட்ட அந்த ஒரு வரியின் மேல் பென்சிலை வைத்தாள், கோடு போடாமல் எடுத்துவிட்டாள்.