ஒவ்வொரு பாங்குக்கும் ஒரு துணி

என்னங்க,

"இந்த உடம்போட எப்படி அல்லாஹ் முன்னால நிக்கிறது?" என்று கேட்டீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிறுநீர் நிற்காமல் சொட்டுகிறதென்று பக்கத்து அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டீர்கள். தொழுகையும் நின்றுபோயிற்று. பேச வந்தால் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

இன்று காலை பள்ளிவாசல் இமாமைப் பார்த்தேன். "தெரிஞ்சவர் ஒருத்தருக்காகக் கேக்கிறேன்" என்றேன்.

"சொட்டுறது அவர் கையில இல்லையே, டீச்சரம்மா. ஒவ்வொரு தொழுகைக்கும் பள்ளியில பாங்கு சொல்லிக் கூப்பிட்டதும் கழுவிட்டு, துணி மாத்தி, கை முகம் கால் கழுவி ஒளு செஞ்சு உடனே தொழச் சொல்லுங்க. அதுக்கப்புறம் சொட்டினாலும் தொழுகை முறியாது" என்றார். பிறகு சிரித்தபடி, "அந்தத் தெரிஞ்சவருக்கு என் சலாம்" என்றார்.

என் வகுப்பில் ஓயாமல் இருமும் பிள்ளைகள் இருந்தார்கள். சத்தம் போட்டதாக நான் ஒருவரையும் வெளியே அனுப்பியதில்லை. எனக்கே அவ்வளவு தெரியும்போது படைத்தவனுக்குத் தெரியாதா?

"கிட்ட வராதே, அழுக்கு" என்கிறீர்கள். நான் பிள்ளை பெற்றுக் கிடந்தபோது என் துணிகளை அலசியது யார்? பாட்டு வேறு முணுமுணுத்துக்கொண்டே பிழிந்தீர்கள், அதுவும் சுருதி சேராமல். நான் ஏதாவது சொன்னேனா?

பழைய வேட்டியைக் கிழித்து, ஓரம் தைத்து, உங்கள் தலைமாட்டில் அடுக்கியிருக்கிறேன். சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் கழுவிவிட்டு, அதில் ஒன்றை எடுத்து மாற்றி, ஒளு செய்துகொண்டு கூடத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் மனைவி