துக்க வீட்டில் சொன்ன ‘வரேன்’

தி.நகர், சென்னை 17
ஆனி 8

அன்பு மகள் சிந்துவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர எல்லாரும் நலம். கால்கரியில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி மாளவிகாவும் முழங்கால் உட்பட நலமாக இருக்க திருச்செந்தூர் முருகனை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் போடுகிறார் என்று பயப்படாதே. போனில் பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். அதோடு வாட்ஸப்பில் போட்டால் மறுநாள் மனசு மாறி அழித்துவிடுவேன். காகிதத்தில் எழுதித் தபாலில் போட்டுவிட்டால் அழிக்க முடியாது பார், அதற்குத்தான்.

சுப்பராமன் காலமானதைப் போனில் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. மூன்று வாரத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூர் பார்க்கில் என்னோடு எட்டு சுற்று நடந்தார், அதாவது அவர் எட்டு, நான் மூன்று. வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் பிரித்தார், இரண்டாம் பக்கத்தோடு போய்விட்டார். சர்க்கரை தொடாத, எண்ணெய் தொடாத மனுஷன். நடை முடிந்து நான் போளி தின்னும்போதெல்லாம் பக்கத்தில் நின்று மோப்பம் மட்டும் பிடிப்பார். லேப் ரிப்போர்ட் வரட்டும் ஓய், நானும் ஒண்ணு சாப்பிடறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட் வியாழக்கிழமை வந்தது. எல்லாம் நார்மலாம். அதைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கடைக் கல்லாவில் உட்கார்ந்து இரண்டும் செய்தேன்.

அவர் போன மறுநாள், புதன்கிழமை, அம்மாவும் நானும் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். அவர் சம்சாரம் அபயாம்பாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்தோம். அங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாக ரவிக்கைத் துணி வாங்கிப் போகிறவர்களிடமெல்லாம் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க என்று சொல்லிப் பழகிய வாய் அல்லவா, நிலைப்படியில் நின்று நல்ல சத்தமாக, அப்ப நான் போயிட்டு வரேன்மா என்றேன். கூடமே திரும்பிப் பார்த்தது. துக்க வீட்டில் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதானே, சொல்லாமல் கொள்ளாமல் இறங்கி வர வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உன் அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருப்பதால் ஆட்டோ ஊரெல்லாம் சுற்றியது, அவள் வசவும் கூடவே சுற்றியது. கூறு இருக்கா உங்களுக்கு, எழவு வீட்டுல போய் வரேன்னா சொல்லுவாக என்று அவள் கேட்க, ஆட்டோக்காரரும் திரும்பி, இன்னா சார் நீ, சாவு வூட்ல வரேன்னு சொல்லிக்கினு வர்ற என்றார். நான் யாரிடம் கோபப்படுவது.

சனிக்கிழமை கடையில் இருக்கும்போது அபயாம்பாள் அம்மாவிடமிருந்து போன். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவர்கள் விடவில்லை. எல்லாரும் சொல்லாமலே போயிட்டா, நீங்க ஒருத்தர்தான் வரேன்னேள், ஏன் வரலை என்று கேட்டார்கள். முகூர்த்த நாள், கடையில் நிற்க இடமில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனேன். ஆத்துல பேப்பர் வந்துண்டே இருக்கு, திட்டறதுக்குத்தான் ஆள் இல்லை என்றார்கள். சுப்பராமன் தினமும் பேப்பரை உரக்கப் படித்து ஒவ்வொரு செய்தியையும் திட்டுவாராம். சரி என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து படித்து, எனக்குத் தெரிந்த அளவு திட்டினேன். காரம் போறாது, குடிநீர் வாரியத்துக்கு அவர் இன்னும் நன்னா திட்டுவார் என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதார்கள், அன்றைக்குத்தான் முதல்முறை. அதிலிருந்து தினமும் பத்து மணிக்குப் போகிறேன். என் திட்டும் தேறி வருகிறது.

அந்த நேரத்தில் கடையை அம்மா பார்க்கிறாள். சேலையோடு துணியைத் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்து நிறம் சேர்க்க என்னைத் தவிர ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா. நீங்க தப்பாக் குடுக்குற கத்திரிப்பூ கலரைப் பத்து வருசமா நான்தான் மாத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன் என்று போன வாரம் சாவகாசமாகச் சொல்கிறாள். இந்தக் கடைக்காகத்தான் நான் எங்கும் நகராமல் கிடந்தேன்.

சிந்து, ஒன்று சொல்ல வேண்டும். போன வருஷம் தாத்தா வரேன் என்று நான் போனில் சொன்னதும் மாளவிகா ஷூவை மாட்டிக்கொண்டு வாசல் கதவருகே போய் நின்றாள் என்று சொன்னாயே, அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாக அந்தப் பிள்ளையிடம் வரேன், வரேன் என்று சொல்லிவிட்டு ஆடித் தள்ளுபடி, தீபாவளி, தை முகூர்த்தம் என்று உட்கார்ந்திருந்தேன். துக்க வீட்டில் வாய் தவறிச் சொன்ன வரேனுக்குத் தினமும் போகிறேன், மனசாரச் சொன்ன வரேனுக்குப் போகவில்லை. நீ அலைந்து வாங்கித் தந்த விசா பீரோவில் பாச்சை உருண்டையோடு தூங்குகிறது.

ஆகவே ஆடி மூன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன், அம்மாவுக்கும் சேர்த்து. பேத்தியைப் பார்க்கப் போகிறோம், கடை ஆவணியில் திறக்கும் என்று பலகையும் எழுதியாயிற்று. பக்கத்துக் கடை மெஹபூப் அலி படித்துவிட்டு, ஆடியில கடைய மூடுறீங்களே அண்ணாச்சி, உடம்பு நல்லாத்தானே இருக்கு என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அபயாம்பாள் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். போயிட்டு வாங்கோ, பேப்பரையெல்லாம் அடுக்கி வைக்கறேன், வந்து மொத்தமா திட்டலாம் என்றார்கள்.

அம்மா அரிசி வடகம் கொண்டுவரலாமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்றாலும் கொண்டுவருவாள். மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். நீங்கள் மூவரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். மறக்காமல் ஒரு காரியம் செய். ஆடி மூன்றாம் தேதி மாளவிகாவை ஷூ மாட்டிக்கொள்ளச் சொல்.

வருகிறேன்,
அப்பா
தனபாலன்