படை கேட்டேன், படையல் கிடைத்தது

கட்டைவிரல் உயரப் பட்டாளத்துக்கெல்லாம் தலைவனான என் அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன். கேட்க வேறு கேள்விகள் மூட்டையாகக் கிடக்கின்றன. முதல் கேள்வி இது. வேலை வெட்டி உள்ள, வளர்ந்த மனிதர்கள் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஈயப் பொம்மைகளை வாங்குகிறார்கள். அவற்றுக்கு மீசை வரைந்து மேசையில் அணிவகுத்து நிறுத்துகிறார்கள். பிறகு பகடை உருட்டிச் சண்டை போடுகிறார்கள். அதில் அப்படி என்னதான் இருக்கிறது அண்ணே? நீ இருந்தபோது இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. நீ கூப்பிட்டாய், நான் வந்து உட்கார்ந்தேன்.

இப்போது கேட்டே ஆகவேண்டிய நிலைமை. மலாக்கா டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் நம் விளையாட்டுக்கென்றே ஒரு கடை திறந்திருக்கிறார்கள். குணா பக்கத்துக் கடையில் மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தார். குணா என்றால் என் வீட்டுக்காரர், நீ பார்க்காத மாப்பிள்ளை. படிக்கட்டுக்குக் கீழே கண்ணாடியில் ஒரு குதிரைவீரன் படம் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான், கால் தானாக ஏறிவிட்டது.

மேலே போனால் நீண்ட மேசை, பச்சைத் துணி, அட்டை மலைகள். சீனப் பிள்ளைகள், ஒரு மலாய் வாத்தியார், எல்லாருமே ஆண்கள். கையில் பசாரில் வாங்கிய காய்கறிப் பையோடு நான். ஒருவரும் தடுக்கவில்லை. அலமாரியில் இருந்த பெட்டிகளின் விலையைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு முட்டியது. சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வேலை செய்துகொண்டு நீ இதையெல்லாம் எப்படித்தான் வாங்கினாய்? நம் ரிங்கிட் வெள்ளியின் மதிப்பு விழுந்ததிலிருந்து இங்கே ஏற்றுமதி இறக்குமதி எல்லாம் தலைகீழ். புக்கிட் ரம்பாயில் எங்கள் ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்றே போய்விட்டது.

அங்கே லியோங் என்பவர் தன் படையில் ஒரு பாதியைக் கொடுத்து, ஆடிப் பாருங்கள் என்றார். ஆடினேன். என் வில்லாளிகள் முதல் மோதலிலேயே முதுகைக் காட்டி ஓடினார்கள். நான் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று, "டேய், வாங்கடா! திரும்பி வாங்கடா!" என்று கத்திவிட்டேன்.

மாடியே திரும்பிப் பார்த்தது. லியோங் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கத்தவெல்லாம் வேண்டாம் அக்கா, பகடையை உருட்டினால் போதும் என்று மலாயில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதானே அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த விதிப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாய்? ஓடுகிற வீரர்களைத் திருப்பி அழைப்பதற்கு நீ வைத்த பெயர் 'கூப்பாடு'. தளபதி பக்கத்தில் நிற்க வேண்டும், ஆடுகிறவர் வாய்விட்டுக் கத்த வேண்டும், பிறகுதான் பகடை என்றாய். நீ தப்பாகப் படித்தாயா? இல்லை, வேண்டுமென்றே என்னைக் கத்தவைத்து வேடிக்கை பார்த்தாயா? உன்னை நம்பி அத்தனை வருஷம் தொண்டை கட்டக் கத்தியவள் நான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கை துறுதுறு என்றிருந்தது. பகல் முழுக்க நான் மைக்ராஸ்கோப்பில் எலக்ட்ரானிக் சிப்புகளின் கம்பிக் கால்களைப் பார்க்கிறேன். கோணல் கால் இருந்தால் எடுத்து ஓரமாக வைக்க வேண்டும். அதுதான் என் வேலை. அந்தச் சிப்புகளுக்கு முகம் கிடையாது அண்ணே. ஒரு அரிசி அகல முகத்தில் புருவம் வரைந்து எவ்வளவு காலமாகிவிட்டது!

லியோங் இன்னொன்றும் சொன்னார். நம்மிடம் இருப்பது போன்ற பழைய ஈய வீரர்கள் இப்போது கிடைப்பதே இல்லையாம். விற்பதென்றால் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறாராம். ஆனால் படை முழுதாக, தளபதியோடு வேண்டுமாம்.

ஆயர் குரோவில், எங்கள் வீட்டில் சோறு போட்டுக்கொண்டே இதைக் குணாவிடம் சொன்னேன்.

"அப்ப வித்துடு லா. வாஷிங் மெஷின் வாங்கிடலாம். உன் மணிக்கட்டைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு."

"வித்துட்டா அப்புறம் எதை வச்சு வெளையாடுறது?"

"இத்தனை வருஷம் எதை வச்சு வெளையாடுன?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. குழம்பைப் பிசைந்தபடி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர் போல அடுத்ததையும் கேட்டார். "வாசுகி, உனக்கு அந்த வெளையாட்டு வேணுமா, இல்ல உங்கண்ணன் வேணுமா?"

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. மழையில் சிங்கப்பூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த நீ மூவார் ஊரைத் தாண்டவில்லை. அன்றைக்கு மூடியதுதான் விளையாட்டு. பொம்மைப் பெட்டி செலண்டாரில், ரப்பர்த் தோட்டத்து வீட்டில், அம்மாவின் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாலாவது தெரியுமோ என்று தோன்றியது. கையில் எடுத்ததும் ஆட ஆசை வந்தால் வைத்துக்கொள்வது, அழுகை மட்டும் வந்தால் விற்றுவிடுவது. இதுதான் என் திட்டம். சிரிக்காதே.

அம்மா வீட்டில் இன்னும் ஃபோன் கிடையாது. பெருமாள் மாமா கடைக்குத்தான் அடித்தேன். "மாமா, சனிக்கிழமை வர்றேன். அண்ணன் படையை எடுக்கணும்னு அம்மாகிட்டச் சொல்லிடுங்க." அந்தப் பக்கம் லாரி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. "சரிம்மா, சொல்லிடறேன், சொல்லிடறேன்" என்றார் மாமா.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டிறங்கி நடந்தேன். வீட்டை நெருங்கும்போதே நாட்டுக்கோழிக் குழம்பு வாசம். அம்மா தலைக்குக் குளித்து, ஈர முடியை முடிந்து, தீபாவளிச் சேலையில் வாசலில் நின்றாள். உள்ளே உன் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. சோறு, கோழி, நெத்திலி சம்பல், அவித்த முட்டை, ஐஸ் போட்ட கோப்பி. இலை ஓரத்தில் ஒற்றைச் சிகரெட்டும் தீப்பெட்டியும்! நீ ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து குடித்தது அம்மாவுக்கு எப்போதிலிருந்து தெரியும்? காவல் நின்ற என்னை ஏன் திட்டவே இல்லை?

"இன்னைக்கு அவன் போன தேதிகூட இல்ல," என்றாள் அம்மா. "ஆனா நீயா கேட்டியே! கல்யாணம் ஆனதுலேர்ந்து அண்ணனுக்குப் படைக்கலாமான்னு ஒரு தடவை கேட்டிருப்பியா? பெருமாளு வந்து, உன் மக சனிக்கிழமை அண்ணன் மணியத்துக்குப் படையல் போட வருதாம்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

படை. படையல். லாரிச் சத்தத்தில் என் பேச்சுக்கு மாமாவின் காது இரண்டு எழுத்தைச் சேர்த்துக்கொண்டது. வாயை மூடிக்கொண்டு சூடம் கொளுத்தினேன். கும்பிட்டு நிமிர்ந்தபோதுதான் சாமி மேடையைப் பார்த்தேன். முனியாண்டி படத்துக்குப் பக்கத்தில், நெற்றியில் குங்குமத்தோடு, காலடியில் செம்பருத்தியோடு, நம் தளபதி.

பெட்டிப் படத்தில் அந்த ஆள் செம்பட்டைத் தாடிக்காரன். நீதான் அவனுக்குக் கறுத்த மேனியும் முறுக்கு மீசையும் கொடுத்தாய். குதிரைக்கு வெள்ளை அடித்தாய். வாளை மெல்ல வளைத்து அரிவாளாக்கினாய். அன்றைக்கு நீ மனசில் முனியாண்டியைத்தான் நினைத்தாயா?

"அம்மா, அது வந்து..."

"தெரியும். அவன் பெட்டியிலேர்ந்துதான் எடுத்தேன். லீவுல வந்தப்பல்லாம் உக்காந்து உக்காந்து அதுக்குக் கண்ணு வரைஞ்சான். கண்ணு தெறந்ததை மூடி வைக்கக் கூடாதும்மா."

"மத்த பொம்மைக்கும் நான் கண்ணு வச்சேனே?"

"அதனாலதான் பெட்டி மூடியைத் தெறந்தே வச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தேன். உண்மைதான். கட்டிலுக்கு அடியில் பெட்டி திறந்தே இருந்தது. உள்ளே அத்தனை பேரும், தூசி இல்லாமல், ஒரு பழைய சேலைத் துண்டின் மேல் வரிசையாகப் படுத்திருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அதே நேரத்தில் ஆட விரலும் துறுதுறுத்தது. என் திட்டம் அங்கேயே நாசமாய்ப் போனது.

சாப்பிடும்போது தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அம்மா, நான் படையல்னு சொல்லல. படைன்னு சொன்னேன். இந்தப் பொம்மைங்களை எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன்."

அம்மா கோழிக்காலோடு அப்படியே நின்றுவிட்டாள். போச்சு, மனசை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள் அண்ணே. "அந்தப் பெருமாளு காதைக் கழட்டி அடுப்புல போட!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நீ போன பிறகு அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடை, லியோங், வாஷிங் மெஷின், எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "வித்தா வித்துட்டுப் போ. ஆனா குதிரைக்காரர் வரமாட்டார்" என்றாள். பிறகு, "அது என்னதான் வெளையாட்டு? அவன் வாங்கடா வாங்கடான்னு கத்துவான், என்னமோ ஏதோன்னு அடுப்படியிலேர்ந்து நான் ஓடியாருவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். காட்டு பார்ப்போம்."

சிமெண்ட் தரையில் கோலமாவால் எல்லைக்கோடு போட்டேன். அம்மாவுக்குச் சிவப்புப் படை, எனக்கு நீலம். தாயம் ஆடிப் பழகிய கை அல்லவா, பகடையை என்னைவிட நன்றாக உருட்டினாள். இருந்தாலும் அவளுடைய ஈட்டிக்காரர்கள் சிதறி ஓடத் தொடங்கினார்கள்.

"எங்க ஓடுறானுங்க? சோறு போட்டுத்தானே வச்சிருக்கேன்?"

"பயந்து ஓடுறாங்கம்மா. கூப்பிட்டா திரும்பி வருவாங்க. தளபதி பக்கத்துல இருக்கணும்."

"கூப்பிடாம விட்டா?"

"ஓடிக்கிட்டே இருப்பாங்க. அந்தக் கோட்டைத் தாண்டிட்டா அவ்வளவுதான், அப்புறம் வர முடியாது."

அம்மா கோட்டைப் பார்த்தாள், உன் படத்தைப் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாமி மேடைக்குப் போனாள். குதிரைக்காரரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொண்டுவந்து, ஓடுகிறவர்களுக்கு எதிரே நிறுத்தினாள்.

"அப்ப தாண்டுறதுக்குள்ள கூப்பிட்டுடணும்," என்றாள். "டேய், வாங்கடா! வீட்டுக்கு வாங்கடா!"

அடுத்த வீட்டு நாய் குரைத்தது. கத்தத் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை அண்ணே. எப்படிச் சொல்வேன்? அம்மா பகடையை உருட்டினாள். எண் போதவில்லை. ஈட்டிக்காரர்கள் திரும்பவில்லை.

"இன்னொரு தடவை?"

"உன் முறை மறுபடி வரும்போதுதான்ம்மா."

"பரவால்ல. இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறானுங்க."

அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும். இருக்கிற மாதிரியே இருக்கட்டும். நான் சுத்திப் பெருக்கிக்கிறேன். நீ வந்து முடி." பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, செலண்டாரிலிருந்து அழுதுகொண்டே வந்தேன்.

லியோங்கிடம் விற்கவில்லை என்று சொல்லிவிட்டேன். புதுப் பெட்டியும் வாங்கவில்லை. ஒரு சின்னக் குப்பி வெள்ளைப் பெயிண்ட் மட்டும் வாங்கினேன், குதிரை சாம்பிராணிப் புகையில் பழுப்பேறிவிட்டது. வாஷிங் மெஷினுக்குக் குணா வேறு வழி பார்க்கிறாராம். அவரும் என்னோடு வருகிறாராம், தனக்கு எந்தப் படை என்று இப்போதே நச்சரிக்கிறார். இந்த விளையாட்டில் என்னதான் இருக்கிறது என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை போகிறேன், அதற்கடுத்ததும் போவேன். அம்மா வீட்டுத் தரையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவனையும் கோட்டைத் தாண்ட விடமாட்டேன். பகடை மட்டும் போதுமென்று புத்தகம் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், நாங்கள் கத்தித்தான் கூப்பிடுவோம். உன் காதிலும் விழட்டும்.

உன் கூப்பாட்டுக்கு எப்போதும் முதல் ஆளாகத் திரும்பி வரும்,
உன் தங்கச்சி
வாசுகி