குளிர் இல்லை என்று எழுதிய வாரங்கள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி மூணு நாளாகக் காயவில்லை. ராபர்ட் ஈரக் காலரோடு ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போனார், முணுமுணுத்துக்கொண்டே.

வேலைகள்:
– படிவங்கள் ஃபைலில் சேர்க்க
– ஃப்ரீஸரில் ரத்த சாம்பிள் எண்ண
– கீஸர் ரிப்பேர் ஆளுக்கு ஃபோன் (மறுபடியும்)

ஆய்வைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஒரு பெண் வந்தாள். சின்ன வயசு, லேப்டாப் பை அவளைவிடப் பெரிசு. முதலிலிருந்து விளக்கச் சொன்னாள். சொன்னேன்: டயாலிசிஸ் நேரத்தில் நிறையப் பேருக்கு பிரஷர் தடாலென்று இறங்கும். மெஷினில் ஓடும் திரவத்தைக் கொஞ்சம் குளிராக வைத்தால் இறங்காது என்கிறார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சூடு, மறுபாதிக்கு ஒன்றரை டிகிரி கம்மி. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நான் போய்க் கேட்பேன்: குளிர், நடுக்கம், தசைப்பிடிப்பு? ஆம் / இல்லை.

ஃபைல்களைப் புரட்டிவிட்டு, "ஒருத்தர்கூட நடுவுல விலகலையா மேடம்? சூப்பர்!" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. டாக்டர் மேடமும் மதியம் எட்டிப் பார்த்து "குட், செலின்" என்றார். ஆய்வு அவர் பொறுப்பு. நர்ஸ் வேலையை விட்டு இதற்கு வந்து நாலு வருஷத்தில் அவர் வாயிலிருந்து இரண்டாவது "குட்".

சாயங்காலம் டெக்னீஷியன் மஞ்சு: "அக்கா, நாலாம் பெட் இன்னைக்கும் சீக்கிரம் க்ளோஸ் பண்ணச் சொல்லிட்டாரு. இது மூணாவது தடவை. ஏனு மாடோது?" என்ன செய்வது என்று என்னைக் கேட்டால்?

நாலாம் பெட் ஏகாம்பரம் அண்ணா. ஆடுகோடியில் லேத் வேலை பார்த்தவர். திங்கள், புதன், வெள்ளி காலை ஷிஃப்ட். குளிர் குழு. போய்க் கேட்டேன்.

"என்னண்ணா, ஏதாவது கஷ்டமா? குளிருதா?"

"அதெல்லாம் இல்ல சிஸ்டர். வெளிய வசந்தா ரொம்ப நேரமா காத்துனு இருக்கா. அதான்."

இல்லை, இல்லை, இல்லை. மூணு டிக்.

ஜூலை 16, புதன்

கீஸர் ஆள் வரவில்லை. வெந்நீர் அடுப்பில்.

ஏ. அண்ணா குரங்குக் குல்லா, ஸ்வெட்டர், மேலே சால்வை. மஞ்சு கிண்டல்: "சார், ஊட்டிக்குக் கெளம்பிட்டீங்களா?" அவரும் சிரித்தார். இருபத்தைந்து நிமிஷம் முன்னாலேயே கழற்றச் சொன்னார். உடம்பில் தண்ணீர் மிச்சம், இருக்க வேண்டிய எடையைவிட ஒரு கிலோவுக்கு மேல் ஜாஸ்தியோடு வீட்டுக்கு. காரணம் என்ற கட்டத்தில் "நோயாளியின் வேண்டுகோள்" என்று எழுதினேன்.

வெங்காயம், பிரெட், ராபர்ட்டுக்கு சிவப்பு இங்க் பேனா.

ஜூலை 18, வெள்ளி

நாலாம் பெட் காலி.

ஃபோன் போட்டேன், எடுக்கவில்லை. அரை மணி கழித்து அவர் மனைவி வசந்தாக்கா எடுத்தார். "லேசா ஜுரம் சிஸ்டர். திங்கக்கிழமை வந்துருவாரு." தண்ணீரைக் குறைக்கச் சொல்லுங்கள், பழம், இளநீர் வேண்டாம், மூச்சு வாங்கினால் உடனே கூட்டி வாருங்கள் என்றேன். சரி சிஸ்டர், சரி சிஸ்டர்.

பின்னால் அவர் குரல் மாதிரி ஏதோ. "வெச்சிரு வெச்சிரு."

மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். ஓ.பி.யில் கூட்டம். நாளைக்கு சனிக்கிழமை ஏதாவது பெட் காலியானால் அவரைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி. ஆறு மணிக்கு சர்ச் பாட்டுக்குழு பிராக்டிஸ், அந்த அவசரம்.

ஜூலை 21, திங்கள்

ஏ. அண்ணா ஐ.சி.யூ.வில். நேற்று மத்தியானம் மூச்சுத் திணறி ஆட்டோவில் கொண்டு வந்திருக்கிறார்கள். நுரையீரல் முழுக்கத் தண்ணீர். அவசர டயாலிசிஸ். நேற்று அந்த நேரம் நான் சிக்கன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன்.

வசந்தாக்கா மாடிப்படி பக்கத்து பெஞ்சில். கையில் அவர் ஸ்வெட்டர். பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்புறம் பேசினார்.

"வீட்டுக்கு வந்து ரெண்டு போர்வை போட்டாலும் நடுக்கம் நிக்காது சிஸ்டர். ராத்திரி வரைக்கும் பல்லு அடிச்சிக்கும். டயாலிசிஸ்னு சொன்னாலே மொகம் மாறிடும். வெள்ளிக்கிழமை, நான் போகலன்னு படுத்துட்டாரு. ஜுரம்லாம் ஒண்ணும் இல்ல. பொய்தான் சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா. தினம் கேட்டேனே."

"நானும் அதைத்தான் சொன்னேன். சொன்னா காலை ஷிஃப்ட்ட எடுத்துருவாங்கன்னாரு. பொண்ணு வேலைக்குப் போற வழியில வண்டில கொண்டாந்து விடுது. ராத்திரி ஷிஃப்ட்ட குடுத்தா யாரு கூட்டினு வருவா?"

"அப்படியெல்லாம் எடுக்க மாட்டாங்கக்கா. யார் சொன்னாங்க?"

அவர் என்னைப் பார்த்தார். ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஜூலை 22, செவ்வாய்

தலைவலி. லீவு போடலாமா என்று பார்த்து, போடவில்லை.

யார் சொன்னது என்று ஞாபகம் வந்துவிட்டது. நேற்றே வந்துவிட்டது. எழுதத்தான் முடியவில்லை.

மார்ச்சில், கையெழுத்து வாங்கிய அன்று. மூணே முக்கால் மணி, நான் சாப்பிடவில்லை. இன்னும் ஒரு ஆள் சேர்ந்தால் எண்ணிக்கை முடியும். படிவத்தின் எல்லாப் பக்கத்தையும் தமிழில் படித்துக் காட்டினேன், வேகமாக. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்காது என்ற வரியையும் படித்தேன். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டார்: "நடுவுல வேணாம்னு சொன்னா இந்த எடம் இருக்குமா சிஸ்டர்?"

இருக்கும் அண்ணா. இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். நான் சொன்னது: "அதெல்லாம் மேடம்தான் பார்ப்பாங்க. உங்க நல்லதுக்குத்தானே, போடுங்க."

போட்டார். பேனாவை மூடி என் கையில் கொடுத்தார்.

இன்னொன்றும். ஜூன் முதல் வாரம். "கொஞ்சம் குளிருது சிஸ்டர்" என்றார். சொன்னார், நிச்சயமாகச் சொன்னார். நான், "பெங்களூரு ஜூன்ல யாருக்குண்ணா குளிரல!" என்று ஒரு கம்பளியைப் போர்த்திவிட்டேன். இன்றைக்கு அந்த ஃபைலை எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க என் கையெழுத்தில் இல்லை, இல்லை, இல்லை. அதற்கப்புறம் அவர் சொல்லவே இல்லை.

ராபர்ட்டிடம் சொன்னேன். பரீட்சைப் பேப்பர் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நீ வேணும்னா செஞ்ச?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

கோபம் வந்தது. அவர் மேல் எதற்கு? சர்ச்சில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமா என்று யோசனை. சாமியார் ஜெபம் சொல்லச் சொல்வார். சொல்லிவிட்டு வரலாம். ஏ. அண்ணாவுக்கு அதனால் என்ன?

ஜூலை 23, புதன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். எல்லாம். மார்ச், ஜூன், வெள்ளிக்கிழமை ஃபோன்.

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். (கன்னடத்தில்தான் பேசினார், இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

"எழுது. ஒண்ணும் விடாம எழுது. எத்திக்ஸ் கமிட்டிக்கு அனுப்பணும்."

"என் பேர் போட்டுத்தானே மேடம்?"

"உன் பேரு, என் பேரு ரெண்டும். ஆள் சேர்த்தாச்சா, ஆள் சேர்த்தாச்சான்னு தினம் உன்னைக் கேட்டது யாரு?"

கொஞ்சம் கழித்து: "குளிர்தான்னு எனக்காவது தோணியிருக்கணும். சீக்கிரம் க்ளோஸ் பண்ணின ஷீட்ல எல்லாம் நானும்தான் கையெழுத்துப் போட்டேன்."

நாலு பக்கம் எழுதினேன். இரண்டு தடவை கிழித்தேன். முதலில் எழுதியதில் "நோயாளி தவறாகப் புரிந்துகொண்டார்" என்று இருந்தது. அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நான் சொன்னதை அப்படியே.

கீஸர் ரெடி.

ஜூலை 25, வெள்ளி

ஏ. அண்ணா வார்டுக்கு வந்துவிட்டார். ஆக்ஸிஜன் குழாய் இல்லை. கன்னம் ஒட்டிப்போய்.

என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். முதல் கேள்வி: "ஷிஃப்ட் மாத்திட்டாங்களா சிஸ்டர்?"

"இல்லண்ணா. மாத்த மாட்டாங்க. எப்பவும் மாத்தியிருக்க மாட்டாங்க. அன்னைக்கு நீங்க கேட்டப்போ நான் ஒழுங்கா பதில் சொல்லல. தப்பு என்னோடது. குளிருதுன்னு சொன்னீங்க, அதையும் எழுதல. மன்னிச்சிருங்கண்ணா."

அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. "அய்ய, விடு சிஸ்டர். நீ இன்னா பண்ணுவ. எத்தினி பேரைப் பாக்கற." வசந்தாக்கா ஃப்ளாஸ்க்கைத் திறந்து மூடினார். திறந்து மூடினார்.

விலகல் படிவத்தைக் கொடுத்தேன். படித்தும் காட்டினேன், மெதுவாக. "இதுல போட்டா மேடம் கோச்சிக்க மாட்டாங்களே?" மாட்டாங்க. "நெஜமா?" நெஜமா. மனைவியைப் பார்த்தார். அவர் தலையாட்டிய பிறகுதான் போட்டார்.

மேடம் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். எக்கோ ஸ்கேனில் இதயம் பம்ப் பண்ணுவது முன்னைவிடக் குறைவு. மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பேர் இருக்கும், ஆனால் இதயம் தேறும்வரை கூப்பிட மாட்டார்கள். மூணு மாசம் கழித்து மறுபடி டெஸ்ட். தேறலாம். தேறாமலும் போகலாம்.

"குளிராலயா மேடம்?"

"அப்படி நேரா சொல்ல முடியாது. சீக்கிரம் சீக்கிரம் கழட்டினது, ஒரு நாள் வராதது, தண்ணி ஏறினது. எல்லாம் சேர்ந்து."

எல்லாம் சேர்ந்து என்பதில் நான் எவ்வளவு?

பட்டியல் விஷயத்தை மேடமே அவர்களிடம் சொன்னார். நான் வாசலில் நின்றேன். ஏ. அண்ணா, "சரிங்க மேடம்" என்றார். அவ்வளவுதான்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் காக்ஸ் டவுன் வரை நின்றுகொண்டே வந்தேன்.

ஜூலை 28, திங்கள்

வெயில். ஒரு வழியாகத் துணி காய்ந்தது.

காலையிலிருந்து குளிர் குழுவில் உள்ளவர்களிடம் ஒவ்வொருவராக மறுபடி பேச்சு. மேடமும் கூட வந்தார். விலகினால் இடம், நேரம், டாக்டர் எதுவும் மாறாது என்பதை முதல் வாக்கியமாகச் சொன்னேன். ஆஸ்டின் டவுன் டெய்லர் தொடர்கிறேன் என்றார், அவருக்கு இப்போது பிரஷர் இறங்குவதே இல்லையாம். ஒன்பதாம் பெட் டீச்சரம்மா, "வேணாம்னு சொல்லலாமா?" என்று கேட்டுவிட்டு உடனே பேனா வாங்கினார். "எனக்கு முட்டியெல்லாம் வெறைச்சுப் போகுதும்மா. கேட்டா இல்லேன்னு சொல்லிப் பழகிட்டேன்." இன்னும் ஒருத்தர் யோசித்துச் சொல்வதாக. நாளைக்கு வரும் செவ்வாய்க்கிழமைக்காரர்கள் என்ன சொல்வார்களோ.

ஏ. அண்ணா நாலாம் பெட்டுக்குத் திரும்பி வந்தார். வழக்கமான சூடு. குல்லா இல்லை, ஸ்வெட்டர் மட்டும். முழு நேரமும் இருந்தார். முடிகிற நேரத்துக்கு அவரிடம் போக எழுந்தேன். எப்படி இருக்கு என்று கேட்கத்தான். கையில் ஃபைல்கூட இல்லை.

வசந்தாக்கா கதவுக்கு வெளியே என்னை நிறுத்தினார். கோபமாக இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, தணிந்த குரலில்:

"கொஞ்ச நாளைக்கு அவரை எதுவும் கேக்காத சிஸ்டர். நீ எது கேட்டாலும் அவரு நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. எதுவா இருந்தாலும் என்னைக் கேளு."

சரிக்கா என்றேன்.