நான் முந்தி எழுந்து நின்றது

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வலது முழங்காலைத் தவிர என் உடம்பில் மற்ற எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. நீங்கள் இருவரும் அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்று தினமும் காலையில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மற்ற செய்திகளுக்கு முன்னால் ஒன்றைத் திருத்த வேண்டும். சபைக் கூட்டத்தில் அம்மா உனக்கு எதிராக எழுந்து நின்றாள், அதுவும் முதல் ஆளாக நின்றாள் என்று உன் அக்கா உனக்குப் போனில் சொன்னாளாம். அவள் அன்று கூட்டத்துக்கே வரவில்லை. யாரோ சொன்னதில் பாதியைக் கேட்டுக்கொண்டு ஓடுவது அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பழக்கம். நான் எழுந்து நின்றது உண்மை, முதல் ஆளாக நின்றதும் உண்மை, உனக்கு எதிராக என்பது மட்டும் சுத்தப் பொய். நடந்ததை முழுவதும் எழுதுகிறேன், நீ நின்றுகொண்டே சாப்பிடுவது போல நின்றுகொண்டே படிக்காமல் ஒழுங்காக உட்கார்ந்து படி.

நம் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகரைப் பற்றி முன்பே எழுதியிருந்தேன், ஷூ லேஸைக் கட்டத் தெரியாத பையன், ஆனால் ஜெபத்தைச் சுருக்கமாக முடிக்கத் தெரிந்தவர். அவர் ஆறு மாதமாக எங்களோடு உட்கார்ந்து படித்து, பேசி, சிலரிடம் திட்டும் வாங்கி, கடைசியில் ஒரு தீர்மானத்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். தன்பாலின ஈர்ப்புள்ளவர்களும் திருநர்களும் இந்தச் சபையில் முழு அங்கத்தினர்கள், திருவிருந்திலும் பாடகர் குழுவிலும் பொறுப்புகளிலும் அவர்களுக்கு எல்லாரையும் போல இடம் உண்டு, அவர்கள் யாரோடு குடும்பமாக வாழ்கிறார்களோ அவர்களுடைய பெயரும் குடும்பப் பதிவேட்டில் சேர்க்கப்படும் என்பதுதான் தீர்மானம். அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, அதனால் ஒரு வாரமாகக் கண்ணாடி முன்னால் நின்று மனப்பாட வசனம் போலச் சொல்லிப் பழகினேன். ஏழாம் நாள் தடுமாற்றம் இல்லாமல் வந்தது.

நம் சபையில் ஓட்டுக்குச் சீட்டு கிடையாது, எழுந்து நிற்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். முதலில் மறுப்பவர்கள் நிற்பார்கள், அவர்களை எண்ணி உட்காரவைத்த பிறகுதான் ஏற்பவர்கள் நிற்பார்கள். உன் அப்பா செயலாளராக இருந்த காலத்தில் இந்த ஒழுங்கை எழுதிக் கொடுத்தவளே நான்தான். இன்னொன்றும் உனக்குத் தெரியும். ஆராதனையில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று முதல் வரிசையில் உட்காரும் எனக்குப் பின்னால் இருக்கும் ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கான்வென்டில் பழகியவள் தப்பு பண்ணமாட்டாள் என்று முப்பது வருடமாக என் முதுகைப் பார்த்தே எழுந்து உட்காருகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்துதான் அன்று வினையானது. செயலாளராக இருக்கும் பல் டாக்டர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் எனக்குக் காது அடைத்துவிட்டது. போதகர் வாயைத் திறந்தார், நான் எழுந்துவிட்டேன். முழங்காலாவது ஒன்றாவது, ஒரே அசைவில் எழுந்தேன். பின்னால் நான்கு வரிசை சடசடவென்று எழுந்தது. பாடகர் குழு பாதி எழுந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியது, ஒருவர் “எத்தனாவது பாட்டு?” என்று பக்கத்தில் கேட்டார். பல் டாக்டர் பேனாவை என் பக்கம் நீட்டி “ஒண்ணு” என்றார். அப்போதுதான் புரிந்தது, போதகர் கேட்டது மறுப்பவர்களை.

என்ன செய்திருப்பாய்? நான் திரும்பி, “உட்காருங்க எல்லாரும்! நான் ஏத்துக்கத்தான் எழுந்திரிச்சேன்!” என்று கத்தினேன். நான்கு வரிசையும் அப்படியே உட்கார்ந்தது. உண்மையிலேயே மறுக்க நின்றவர்களும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். போதகர் கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், பிறகு முகத்தைச் சரிசெய்து, “இது செல்லாது, மறுபடியும் எடுப்போம். தயவுசெஞ்சு யாரும் முதல் வரிசையப் பாக்காதீங்க, அவங்கவங்க மனசப் பாத்து நில்லுங்க” என்றார். நியாயமான பேச்சு. நின்றது நின்றாயிற்று, இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிறேன் என்று அனுமதி கேட்டேன். எனக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது தினம் மூன்று வேளை கடல் கடந்து போன் பண்ணி, சொட்டு மருந்து விட்டீர்களா, எந்தக் கண்ணில் விட்டீர்கள் என்று கேட்டவர் என் மகனோடு வாழ்கிறவர், அவரைப் பதினோரு வருடமாக அறைத்தோழர் என்று உங்களிடம் சொன்னேன், அது பொய், அந்தப் பொய்யை இந்த வரிசையில் உட்கார்ந்துதான் சொன்னேன், இனிமேல் சொல்லமாட்டேன் என்றேன். அவ்வளவுதான். உட்கார்ந்ததும் பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மறுபடி எண்ணினார்கள். மறுத்தவர்கள் முப்பத்தொரு பேர். நான் திரும்பிப் பார்க்கவில்லை, அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். ஏற்றவர்கள் எண்பத்துநாலு! எனக்கு நேர் பின்னால் உட்காரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எதிலும் சேரவில்லை. வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். “மறுக்கணும்னுதான் வந்தேன் டீச்சர், உங்களப் பாத்து எழுந்திரிச்சேன், உங்களப் பாத்து உட்கார்ந்தேன், அப்புறம் அந்தச் சொட்டு மருந்து கதைய வேற சொல்லிட்டீங்க, எனக்கு எழுந்திரிக்கவே வரல” என்றார். அடுத்த வருடத்துக்குள் எழுந்திரிக்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றேன். பூக்கடை நடத்தும் திருநங்கை ஒருத்தி இரண்டு வருடமாகக் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர்வாத ஜெபத்துக்கு முன்பே நழுவிவிடுவாள். போன ஞாயிற்றுக்கிழமை அவளைக் கையைப் பிடித்து என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தேன். குரல் அருமை, எழுந்து நிற்பதுதான் தாமதம். “என்னைப் பாத்து எழுந்திரிம்மா” என்றேன். “உங்களப் பாத்தா தப்பான ஓட்டுல போய் மாட்டிப்பேன்மா” என்றாள். ஆராதனை நடுவில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது என்ன ஆனதென்றால், சர்க்கரையை மறந்து இரண்டு துண்டு கேக் சாப்பிட்டிருந்தேன், ஏதோ பாடிக்கொண்டே நடந்திருக்கிறேன், தெருக்கோடி இஸ்திரிக் கடைக்காரர், “என்னம்மா, உங்க வீடு பின்னாடியே நின்னுடுச்சே” என்றார். என் வீட்டைத் தாண்டி வந்திருந்தேன்! இந்த வயதில், கையில் குடையும் பையுமாக, நடுத்தெருவில் நின்று நானும் அவரும் சிரித்தோம்.

நீ பதினோரு வருடம் முன்னால் என்னிடம் சொன்னபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “இது இன்னும் காயல” என்று ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டேன். அது நன்றாகக் காய்ந்திருந்தது. நீ ஊருக்குப் போகும்வரை நான் அந்தப் பேச்சுக்குத் திரும்பி வரவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளை மன்னிப்புக் கேட்கவைத்தவள் நான், நானே கேட்டுப் பழக்கமில்லை. இப்போது கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. அவரிடமும் கேட்க வேண்டும், அதை நேரில் கேட்பேன். அவர் முதன்முதலில் என்னை அம்மா என்றபோது ஆன்ட்டி என்று கூப்பிட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன். இனி அவர் என்னை அத்தை என்று கூப்பிடட்டும், நான் திருத்தமாட்டேன்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு குடும்ப ஞாயிறு. ஒவ்வொரு வீட்டுப் பெரியவரும் எழுந்து பதிவேட்டைப் பார்த்துத் தன் வீட்டார் பெயரை வாசிப்பதும் சபை ஆமென் சொல்வதும் உனக்கு மறந்திருக்காது. பல் டாக்டர் நம் வீட்டுப் பக்கத்தைத் திறந்து பேனாவையும் நீட்டினார். உன் பெயருக்குப் பக்கத்தில் பேனாவை வைத்தேன், எழுத முடியவில்லை. நீ போனில் அவரைக் கூப்பிடும் செல்லப்பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. பதினோரு வருடம், முழுப்பெயரை நான் கேட்டதே இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

லீவு கிடைத்தால் இருவரும் வாருங்கள், முதல் வரிசையில் இடம் வைத்திருக்கிறேன். கிடைக்காவிட்டாலும் நான் வாசிப்பேன். கழுத்து வலிக்கு உயரத் தலையணை வைக்காதே. அவரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துக்கொள். கர்த்தர் உங்கள் வீட்டின் வாசலையும் அடுப்பையும் உங்கள் இருவரின் கைவேலையையும் ஆசீர்வதிப்பாராக. அவர் பெயரைப் போனில் சொல்லாதே, சபை நடுவில் நான் பார்த்து வாசிக்க வேண்டியது. அவருடைய முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு காகிதத்தில் எழுதி உடனே தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
அவருக்கு அத்தை